மூன்று லட்சம் ஸ்கேன்: கோப்புப் பாதையை எப்படி அமைப்பது?

மொரீஷியஸில் ஒரு கோவில் சங்கமோ தமிழ்ப் பள்ளியோ பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்யத் தொடங்கும்போது ஸ்கேனரின் விலை, டிஸ்கின் அளவு எல்லாம் பேசப்படும். கோப்புக்கு என்ன பெயர், எந்த ஃபோல்டருக்குள் என்பது மட்டும் பேசப்படாது. திருமணப் பதிவேடு, நன்கொடை ரசீது, காவடிப் படங்கள், தேர்வுத்தாள் என்று பக்கத்துக்கு ஒரு கோப்பாகச் சேர்ந்தால் சில ஆண்டுகளில் மூன்று லட்சத்தைத் தொட்டுவிடும். அந்த நிலையில் பெயரை மாற்றுவது வீட்டை இடித்துக் கட்டுவதற்குச் சமம்.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது நான்கில் ஒன்றை. முதலாவது, ஊர், கோவில், விழா, ஆண்டு என்று தமிழ்ப் பெயரிலேயே அடுக்கடுக்கான ஃபோல்டர்கள். இரண்டாவது, ஒரே ஃபோல்டரில் எல்லாக் கோப்பும், நீளமான பெயர்களுடன். மூன்றாவது, கோப்புக்கு வெறும் எண். பெயரும் விவரமும் டேட்டாபேஸில். நான்காவது, எண் முறையின் மேல் மனிதர் பார்க்க ஒரு சிம்லிங்க் மரம், அதாவது வேறொரு பாதையைச் சுட்டும் குறுக்குவழிகளின் அடுக்கு. சர்வர் லினக்ஸ் என்றே வைத்துக்கொள்கிறோம். நெட்வொர்க்கில் பகிர்வதற்கான சிறிய என்ஏஎஸ் சேமிப்புப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவதும் அதுதான்.

எதை எடுப்பது என்பதை, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் பாதையை எப்படி நடந்து கடக்கிறது என்பதிலிருந்து பார்ப்பது நல்லது.

கர்னல் நடக்கும் விதம்

/சேமிப்பு/கத்ர் போர்ன்/கோவில்/1998/காவடி/12 என்று ஒரு பாதை. கர்னல் இதை மொத்தமாகப் பார்ப்பதில்லை. முதல் சாய்கோட்டைக் கண்டதும் வேர் ஃபோல்டரில் நின்றுகொள்ளும். சாய்கோடு இல்லாமல் தொடங்கினால் புரோகிராம் அப்போது இருக்கும் ஃபோல்டரில். அடுத்த சாய்கோடு வரை உள்ள பைட்டுகளைப் பெயராக எடுக்கும். நிற்கும் ஃபோல்டரில் தேடும் அனுமதி, அதாவது எக்ஸ் பிட், உண்டா என்று பார்க்கும். தாய் ஃபோல்டரையும் பெயரையும் சேர்த்து ஹாஷ் செய்து, அதாவது ஓர் எண்ணாகச் சுருக்கி, டென்ட்ரி கேஷ் என்ற நினைவகப் பட்டியலில் தேடும். கிடைத்தால் ஒரு படி இறங்கும். அங்கே வேறு டிஸ்க் மவுன்ட் ஆகியிருந்தால், அதாவது இணைக்கப்பட்டிருந்தால், அதற்குள் தாவும். சிம்லிங்க் என்றால் அதன் இலக்கை எடுத்து நடக்கும். பிறகு அடுத்த பெயர். மேலே உள்ள பாதைக்கு இப்படி ஆறு படி.

கேஷில் இருக்கும்வரை இது மிக வேகமானது. 2011இல் வந்த 2.6.38 கர்னலிலிருந்து இந்த நடை பூட்டு எதையும் எடுக்காமலே நடக்கிறது. ஆர்சியு நடை என்பார்கள். ஒவ்வொரு டென்ட்ரியிலும், அதாவது கேஷில் உள்ள பெயர்ப் பதிவிலும், ஒரு வரிசை எண் இருக்கும். அதைப் படித்துக்கொண்டு போய், கடைசியில் மாறவில்லை என்று உறுதி செய்தால் போதும். இடையில் யாராவது ஃபோல்டரின் பெயரை மாற்றினாலோ, கேஷில் பெயர் இல்லாமல் போனாலோ கர்னல் அந்த நடையை விட்டு, ஒவ்வொரு படியையும் கையில் பிடித்துக்கொண்டு போகும் மெதுவான நடைக்கு மாறும். கேஷில் இல்லாதபோதுதான் டிஸ்கைத் தொட வேண்டும்.

இல்லாத பெயரும் கேஷில் நிற்கும். ஒரு பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் ‘இல்லை’ என்ற பதிலையே ஒரு டென்ட்ரியாகக் கர்னல் வைத்துக்கொள்ளும். உள்ளூர் டிஸ்கில் இது நல்லது. என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் முறை வழியாகப் பகிர்ந்த ஃபோல்டரில்தான் தொல்லை: ஸ்கேன் செய்யும் கணினி கோப்பை ஏற்றிவிட்டது, பார்க்கும் கணினியோ ‘அப்படி ஒன்று இல்லை’ என்று அரை நிமிடம், சில நேரம் ஒரு நிமிடம்கூடச் சாதிக்கும். ஃபோல்டரின் பண்புகளை இயல்பாக 30 முதல் 60 நொடிவரை நம்பும்படி என்எஃப்எஸ் அமைந்திருப்பதே காரணம். மவுன்ட் செய்யும்போது லுக்அப்கேஷ் என்ற விருப்பத்துக்குப் பாசிட்டிவ் என்று மதிப்புக் கொடுத்தால் இந்தப் பொய் நின்றுவிடும்.

படியும் பைட்டும்தான் கர்னலுக்குத் தெரிந்த உலகம். ‘கத்ர் போர்ன்’ ஓர் ஊர் என்றோ, ‘கோவில்’ ஒரு சொல் என்றோ அதற்குத் தெரியாது. முதல் முறையின் சிக்கல் எல்லாம் இங்கேதான் பிறக்கிறது.

தமிழ்ப் பெயர் அடுக்கு

படிக்க இதைவிட இனிமையானது இல்லை. பதிவேட்டைத் தேடி வரும் முதியவருக்கும் ஃபோல்டரைத் திறந்து காட்டலாம். டேட்டாபேஸ் வேண்டாம், புரோகிராமர் வேண்டாம். சில ஆயிரம் கோப்புகள், ஒரே கணினி, பெயரிடுவது ஒரே கை என்றால் இதையே எடுங்கள்; மற்றவற்றைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

பல கைகள் சேரும்போதுதான் கெடுகிறது. ‘கோவில்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, பின்னால் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். ஒன்றாக எழுதினால் அந்தக் குறி 224 175 139 என்ற மூன்று பைட். பிரித்தால் 224 175 135, 224 174 190 என்று ஆறு. முழுச் சொல் ஒருவகையில் 18 பைட், மறுவகையில் 21. திரையில் அணுவளவும் வேறுபாடு தெரியாது. கர்னலுக்கு இவை இரண்டு பெயர்கள். இரண்டு ஃபோல்டரையும் பக்கத்தில் பக்கத்தில் உருவாக்கித் தந்துவிடும். ஒகரம், ஔகாரத்துக்கும் இதே கதி. பழைய மேக் கணினிகள் டிஸ்கில் கோப்புகளை அடுக்கிய எச்எஃப்எஸ் பிளஸ் என்ற ஃபைல் சிஸ்டம் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த கோப்புகளில் இது அடிக்கடி தென்படும். இந்தத் தீவில் பிரெஞ்சுப் பெயர்களும் கலந்து வருவதால் தொல்லை இரட்டிப்பு: ரெதுய் என்ற ஊர்ப் பெயரின் பிரெஞ்சு எழுத்தில் தலைக்குறி ஏறிய உயிரெழுத்து ஒருவகையில் 2 பைட், மறுவகையில் 3.

இதற்காவது மருந்து உண்டு. கன்வ்எம்வி என்ற கருவி பெயர்களை எல்லாம் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். 2019இல் வந்த 5.2 கர்னலிலிருந்து லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் கேஸ்ஃபோல்ட் வசதியும் இருக்கிறது: காலி ஃபோல்டரில் அதற்கான பிட்டைப் போட்டுவிட்டால், பிரித்த ‘கோ’வையும் சேர்ந்த ‘கோ’வையும் கர்னலே ஒன்றாகப் பார்க்கும்.

மருந்தில்லாதது ‘ஸ்ரீ’. கோவில் பெயர்கள் பல இந்த எழுத்தில்தான் தொடங்கும். ‘ஸ’வை வைத்து எழுதும் வடிவமும் உண்டு, 4.1 யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வை வைத்து எழுதும் வடிவமும் உண்டு. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். பைட்டில் பார்த்தால் முதல் குறியீட்டின் கடைசி பைட் ஒன்றில் 184, மற்றதில் 182. மீதி எல்லாம் ஒன்றே. யூனிகோட் விதிப்படி இவை சமமான வடிவங்கள் அல்ல; ஆகவே கன்வ்எம்வியும் கேஸ்ஃபோல்டும் தொடாமல் விட்டுவிடும். ஒரு கைபேசி விசைப்பலகை ஒன்றைத் தரும், விண்டோஸ் விசைப்பலகை மற்றதைத் தரும். கோவில் ஃபோல்டர் இரண்டாகி, பாதிப் படங்கள் ஒன்றிலும் மீதி மற்றதிலும் போய்ச் சேரும். ‘கோப்பு காணாமல் போய்விட்டது’ என்ற புகார் வந்தால் டிஸ்கைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள். ஃபோல்டர் பட்டியலை ‘ஓடி’ (od) அல்லது ‘எக்ஸ்எக்ஸ்டி’ (xxd) என்ற கட்டளைக்குள் செலுத்தினால் பைட் வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது நீளம். லினக்ஸில் ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். முழுப் பாதைக்கு, முடிவில் வரும் சுழி பைட் உட்பட, 4096. தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட் என்பதால் 255 என்பது 85 குறியீடு. ‘தைப்பூசக் காவடி’ என்பது கண்ணுக்கு எட்டு எழுத்து. உள்ளே 14 குறியீடும் ஓர் இடைவெளியும், மொத்தம் 43 பைட். இந்தக் கணக்கில் ஏறத்தாழ 48 எழுத்தில் பெயர் முடிந்துவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாமல் 16 பிட் அலகுகளை எண்ணுவதால், அங்கே 255 தமிழ்க் குறியீடு வரை போகும். லேப்டாப்பில் ஒழுங்காக இருந்த கோப்பு சர்வருக்கு நகலெடுக்கும்போது ‘பெயர் மிக நீளம்’ என்று நிற்பது இதனால்தான். ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் பெயரையும் சேர்த்து மறையாக்கிய ஃபோல்டர் என்றால் வரம்பு 143 பைட்டுக்கு, அதாவது 47 குறியீட்டுக்கு இறங்கிவிடும்.

ஆழமான அடுக்கில் அனுமதியும் ஒரு கண்ணி. கடைசிக் கோப்பை எல்லாருக்கும் திறந்து வைத்திருப்பார்கள். நடுவில் ஏதோ ஒரு ஃபோல்டரில் எக்ஸ் பிட் இராது. கர்னல் அந்தப் படியிலேயே ‘அனுமதி இல்லை’ என்று திரும்பும், எந்தப் படி என்று சொல்லாது. நேம்ஐ என்ற கட்டளைக்கு எல் விருப்பமும் முழுப் பாதையும் கொடுத்தால் ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும்.

வேகம்? உள்ளூர் டிஸ்கில் ஆறு படி ஒரு பொருட்டே அல்ல. சர்வர் கடல் தாண்டி இருந்தால் கதை வேறு. கேஷ் காலியாக இருக்கும்போது லினக்ஸ் என்எஃப்எஸ் கிளையன்ட் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை சர்வரைக் கேட்கும். போய்வர 200 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டால், ஆறு படிக்கு 1.2 நொடி, படத்தின் முதல் பைட் இன்னும் கிளம்பவே இல்லை. மொரீஷியஸின் எபேனில் உட்கார்ந்து ஐரோப்பாவில் உள்ள வாடகை சர்வரின் ஃபோல்டரை நேராக மவுன்ட் செய்ய நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

எல்லாம் ஒரே ஃபோல்டரில்

ஒரே ஃபோல்டரில் லட்சக்கணக்கில் வைத்தால் கர்னல் திணறும் என்று பலர் சொல்வார்கள். தேடலைப் பொறுத்தவரை அது பழைய கதை. இஎக்ஸ்டி4 ஃபோல்டருக்குள் ஹாஷ் மரம் வைத்திருக்கிறது. மூன்று லட்சம் பெயரில் ஒன்றைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று பிளாக் படித்தால் போதும். எக்ஸ்எஃப்எஸ் என்ற மற்றொரு ஃபைல் சிஸ்டமும் சளைத்ததல்ல.

அடி விழுவது வேறு இடத்தில். ஃபோல்டரில் ஒவ்வொரு கோப்பின் பதிவுக்கும் 8 பைட் தலைப்பு, அதோடு பெயர், நான்கின் மடங்குக்கு நிரப்பு. பெயர் 60 பைட் என்றால் பதிவு 68 பைட். மூன்று லட்சத்துக்கு 2 கோடி பைட்டுக்கு மேல், காலியிடம் சேர்க்காமலே. பட்டியல் கேட்கும் ஒவ்வொரு முறையும் அத்தனையும் படித்தாக வேண்டும். கோப்புகளை அழித்தாலும் இஎக்ஸ்டி4 ஃபோல்டர் பொதுவாகச் சுருங்குவதில்லை. விண்டோஸ் கணினிகளோடு ஃபோல்டரைப் பகிரச் சாம்பா என்ற மென்பொருளை வைத்தால் இன்னும் மோசம்: கேட்ட பெயர் அப்படியே கிடைக்காதபோது, பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறியிருக்குமோ என்று பார்க்க ஃபோல்டர் முழுவதையும் அது வாசிக்கும். புதுக் கோப்பு ஒவ்வொன்றும் ‘கிடைக்காத பெயர்’தானே, ஸ்கேனர் ஏற்றும் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று லட்சம் பெயர் வாசிப்பு. சாம்பா அமைப்பில் கேஸ் சென்சிட்டிவ் என்பதை இயக்கினால் தணியும். இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்ல வேறொன்றும் இல்லை.

எண்ணும் டேட்டாபேஸும்

ஆறு இலக்க எண். முதல் மூன்று இலக்கம் ஃபோல்டர். 123456 என்ற கோப்பு 123/123456 என்ற பாதையில். ஃபோல்டருக்கு ஆயிரம், மொத்தம் பத்து லட்சம் வரை இடம். இரண்டே படி. எண்ணை வரிசையாகக் கொடுங்கள். ஹாஷ் செய்து சிதறடிக்கும் முறை பெரிய நிறுவனங்களுக்கு, இங்கே அதனால் பயனில்லை. ஒரே நாளில் ஸ்கேன் செய்த பதிவேடு ஒரே ஃபோல்டரில் கிடந்தால் டிஸ்கிலும் அருகருகே இருக்க வாய்ப்பு அதிகம்.

புரோகிராம் தொடங்கும்போதே சேமிப்பு ஃபோல்டரை ஒருமுறை திறந்து வைத்துக்கொண்டு, ஓபன்அட் அழைப்பில், அப்படித் திறந்தபோது கர்னல் தந்த எண்ணையும் ‘123/123456’ என்ற சிறு பாதையையும் கொடுத்தால், மேலே உள்ள படிகளைக் கர்னல் மறுபடி நடக்காது. மேல் ஃபோல்டரை யாராவது பெயர் மாற்றினாலும் உடையாது.

இந்த முறையின் பெரிய லாபம் பாதுகாப்பு. இணையப் பக்கத்திலிருந்து வருவது ஆறு இலக்கம் மட்டும். இலக்கம் அல்லாததைத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. முதல் முறையில் வெளியாள் தரும் பாதையையே திறக்க வேண்டிவரும். அங்கே பெரும்பாலோர் எழுதும் சோதனை, பாதை ‘/சேமிப்பு/கோவில்’ என்று தொடங்குகிறதா என்பது. ‘/சேமிப்பு/கோவில்கணக்கு’ என்பதும் அப்படித்தான் தொடங்கும். நடுவில் இரட்டைப் புள்ளி வைத்து மேலே ஏறுவதையும் அது பிடிக்காது. ரியல்பாத் கொண்டு பாதையை விரித்துச் சோதித்துவிட்டுப் பிறகு திறந்தால், அந்த இரண்டுக்கும் நடுவே யாராவது சிம்லிங்க்கை மாற்றிவிடலாம். சிம்லிங்க்கைத் தொடராதே என்னும் நோஃபாலோ கொடி கடைசிப் படியை மட்டுமே காக்கும். நடுப்படி சிம்லிங்க்கைத் தடுக்காது.

பாதையையே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 2020இல் 5.6 கர்னலில் வந்த ஓபன்அட்2 அழைப்பை ரிசால்வ் பினீத் கொடியுடன் பயன்படுத்துங்கள். நடக்கும்போதே ஒவ்வொரு படியிலும் கர்னல் எல்லையைக் காக்கும். தாண்டினால் ஈஎக்ஸ்டெவ் பிழை. ஈஅகெய்ன் வந்தால் அது தாக்குதல் அல்ல: இரட்டைப் புள்ளியில் ஏறும்போது எங்கோ ஒரு பெயர் மாறியதால் கர்னலால் உறுதி சொல்ல முடியவில்லை என்று பொருள், சில முறை மறுபடி முயன்றால் போதும். கோ மொழியில் எழுதுபவர்களுக்கு 1.24 பதிப்பின் ரூட் வகை இதே காவலைத் தருகிறது.

குறை என்று பார்த்தால் ஒன்றுதான், ஆனால் கனமானது. டேட்டாபேஸ் போனால் மூன்று லட்சம் எண்கள் மட்டும் மிஞ்சும். ஆயிரம் கோப்புக்கு ஒன்றாக, ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு பட்டியல் கோப்பு வையுங்கள்: எண், தலைப்பு, தேதி, மூன்றே பத்தி. ‘ஸ்ரீ’யை ஒரே வடிவுக்கு மாற்றும் வேலையையும் டேட்டாபேஸில் ஏற்றும் இடத்தில், ஒரே ஃபங்ஷனில் முடித்துவிடலாம், தேடவரும் சொல்லுக்கும் அதே ஃபங்ஷன். நவம்பரில் தொடங்கும் சூறாவளிக் காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. புதுக் கோப்பை எழுதியதும் கோப்புக்கு மட்டுமல்ல, அது இருக்கும் ஃபோல்டருக்கும் எஃப்சிங்க் செய்ய வேண்டும், அதாவது நினைவகத்தில் இருப்பதை உடனே டிஸ்கில் எழுதச் சொல்ல வேண்டும். கோப்பின் உள்ளடக்கம் டிஸ்கில் சேர்ந்தும், பெயர் சேராமல் போன கோப்பை எந்தப் பாதையாலும் எட்ட முடியாது.

சிம்லிங்க் மரம்

எண் முறையை எடுத்தவர்கள் சில மாதத்தில் கேட்பது: ஃபோல்டரைத் திறந்து பார்க்க ஏதாவது வழி உண்டா? /சேமிப்பு/பார்வை என்ற மரத்தில் தமிழ்ப் பெயர்களில் சிம்லிங்க் வைத்து, ஒவ்வொன்றும் /சேமிப்பு/மூலம் என்ற ஃபோல்டரில் உள்ள எண் கோப்பைச் சுட்டும்படி செய்யலாம். டேட்டாபேஸிலிருந்து இரவில் தானாக உருவாகட்டும். கையால் தொடக் கூடாது. இலக்கு 59 பைட்டுக்குள் இருந்தால் இஎக்ஸ்டி4 அதை ஐநோடு என்ற கோப்பு விவரப் பதிவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். தாண்டினால் தனி பிளாக் செலவாகும். எண்ணால் ஆன இலக்குக்கு அந்த இடம் தாராளம். தமிழில் என்றால் 19 குறியீடுதான். ஒரு பாதையில் 40 சிம்லிங்க்குக்கு மேல் கடக்க நேர்ந்தால் கர்னல் ஈலூப் என்று நிறுத்திவிடும். சாதாரணமாக அது வந்தால் எங்கோ ஒன்று தன்னையே சுட்டுகிறது.

ஓபன்அட்2 உடன் சேர்க்கும்போது கவனம்: ரிசால்வ் பினீத் கொடி, சாய்கோட்டில் தொடங்கும் இலக்கை ஏற்காது. இலக்கு ‘../../மூலம்/123/123456’ என்று சார்புப் பாதையாக இருக்க வேண்டும். எல்லையாகக் கொடுக்கும் ஃபோல்டரும் பார்வை அல்ல, இரண்டையும் உள்ளடக்கிய சேமிப்பு.

சிம்லிங்க்குக்குப் பதில் ஹார்ட்லிங்க், அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயர், வைத்தால் இரண்டாம் நடை இல்லை, முறிந்த லிங்க்கும் இல்லை. ஆனால் படத்தைத் திருத்தும் மென்பொருள்கள் பல புதுக் கோப்பாக எழுதிப் பழைய பெயருக்கு மாற்றும்; அந்த நொடியே இரண்டு பெயரும் இரண்டு கோப்பாகப் பிரிந்துவிடும். பார்வைக்கு மட்டும் என்றால் சிம்லிங்க்தான்.

ஏற்கெனவே முதல் முறையில் நிறைந்துவிட்ட காப்பகத்தை மாற்ற வேண்டுமானால் ஹார்ட்லிங்க் கைகொடுக்கும். முதலில் எல்லாப் பாதைகளையும் பட்டியலெடுத்து, ஓகாரத்தையும் ‘ஸ்ரீ’யையும் ஒரே வடிவாக்கிய பிறகு ஒன்றாகிவிடும் பெயர்களைத் தனியே பிரியுங்கள்; இவற்றை ஒருவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ரீநேம் அழைப்பு இலக்கில் கோப்பு இருந்தால் கேட்காமல் அதன்மேல் எழுதிவிடும். எம்வி கட்டளை என்றால் ‘என்’ (-n) விருப்பமும், சொந்த புரோகிராம் என்றால் 3.15 கர்னலில் வந்த ரீநேம்அட்2 அழைப்பும் நோரீப்ளேஸ் கொடியும் வேண்டும். பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் புது எண்ணில் ஹார்ட்லிங்க். டிஸ்கில் கூடுதல் இடம் ஏறக்குறைய எடுக்காது. ஆனால் இரண்டு மரமும் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் ஈஎக்ஸ்டெவ். புது மரத்தில் எண்ணிக்கை சரியாக வந்து, ஒரு முழு பேக்கப்பும் எடுத்த பின்னரே பழைய பெயர்களை அழியுங்கள்.